ஆசாரி அடியில சொல்றார், பெட்டியில மி.மீ. போட்டிருக்கு, பிளம்பர் "அரை இஞ்ச்"ங்கறார்: எதை நம்பி வாங்கறது?

ஸ்ரீரங்கம்_மூணாவதுமாடி:

எல்லாருக்கும் வணக்கம். ஸ்ரீரங்கத்துல ஒரு பழைய ஃப்ளாட் வாங்கியிருக்கோம். தரை மாத்தணும், அலமாரி அடிக்கணும், கட்டிலுக்கு மெத்தை, பால்கனி கதவுக்குத் திரை, ஹாலுக்கு டிவி எல்லாம் வாங்கணும். வீட்டுக்காரருக்கு ஓசூர்ல வேலை. அதனால அளவெடுக்கறதுலேர்ந்து ஆர்டர் போடறது வரைக்கும் என் தலையிலதான். கையில ஒரு ஸ்டீல் டேப், ஒரு நோட்டு, ஃபோன்ல ஒரு கன்வர்ட்டர்.

ஒவ்வொருத்தரும் ஒவ்வொரு கணக்குல பேசறாங்க. ஆசாரி "ஆறடி மூணு இஞ்ச் ரெண்டு நூல்"ங்கறார். டைல்ஸ் கடையில "ரெண்டுக்கு ரெண்டு"ன்னு சொல்றாங்க, பெட்டியில 600×600 மி.மீ. மெத்தை ஆன்லைன்ல செ.மீ., திரைத்துணி மீட்டர். எங்கப்பா ஃபோன்ல "துணி எத்தனை முழம்மா வரும்?"னு கேக்கறார்.

2.54-ஆல பெருக்க எனக்கும் தெரியும். ஆனா பெருக்கி வர்ற நம்பருக்கும் எதிர்ல இருக்கற சாமானுக்கும் சம்பந்தமே இல்ல. என்னோட சந்தேகங்கள்:

ஹால் சுவத்துல டிவிக்குன்னு பள்ளமா விட்டிருக்காங்க, அகலம் சரியா 4 அடி. 55 இஞ்ச் டிவின்னா 4 அடி 7 இஞ்ச் ஆச்சே? ஷோரூம் பையன் "தாராளமா உக்காரும் மேடம்"ங்கறான்.

தாத்தா காலத்துத் தேக்குக் கட்டில் இருக்கு. சட்டத்துக்குள்ள 75×60 இஞ்ச். எனக்குப் பிடிச்ச மெத்தை 200×150 செ.மீ.

ஹால் 20 அடிக்கு 15 அடி. ரெண்டடி டைல் 75 போதும், பெட்டிக்கு 4, அதனால 19 பெட்டின்னு கடையில கணக்குப் போட்டுக் குடுத்தாங்க. சரியா?

ஆசாரி சீட்டுல அலமாரி உயரம் 6.10-னு எழுதியிருக்கார். கன்வர்ட்டர்ல போட்டா 185.9 செ.மீ. வருது. அவர் சுவத்துல கோடு போட்டுக் காட்டின இடம் அதைவிட நல்லா ஒசரம்.

கடைசியா, தண்ணி ஃபில்டருக்கு "அரை இஞ்ச் இணைப்பு"ன்னு போட்டிருக்கு. குழாய் முனையை அளந்தேன், 21 மி.மீ. வந்துச்சு. 12.7 தானே வரணும்?


கணக்குப்புலி:

1 இஞ்ச் = 2.54 செ.மீ., 1 அடி = 30.48 செ.மீ., 1 மீட்டர் = 39.37 இஞ்ச். வீட்டு வேலைக்கு அடிக்கு 30-னு போட்டாலே போதும், ரொம்ப யோசிக்காதீங்க.


பழைய_ஹார்டுவேர்_கடைக்காரன்:

அடிக்கு 30-னு போட்டா ஏழடிக் கதவு 210 செ.மீ. ஆயிடும் தம்பி. நிஜத்துல அது 213.4. அந்த மூணரை செ.மீ.க்கு யாரு பதில் சொல்றது? வாய்க்கணக்குக்கு 30 வெச்சுக்கலாம், காசு குடுக்கற கணக்குக்கு ஆகாது.

அம்மா, நான் தில்லைநகர் பக்கம் ஹார்டுவேர் கடை வெச்சிருந்தவன். இப்ப பையன் பாத்துக்கறான், நான் கல்லாவுக்குப் பக்கத்துல உக்காந்து குறை சொல்லிட்டிருக்கேன். உங்க கேள்வி தினம் கடைக்கு வர்ற கேள்விதான்.

முதல்ல ஒண்ணு சொல்லிடறேன். கடையில சொல்ற இஞ்ச் ரெண்டு ரகம். ஒண்ணு நிஜ இஞ்ச், டேப்பு வெச்சா அப்படியே வரும். இன்னொண்ணு பேருக்கு இஞ்ச். சாமானோட பேரே அதுதான், டேப்பு வெச்சா வராது. நிஜ இஞ்சை மட்டும் 2.54-ஆல பெருக்குங்க. பேருக்கு இருக்கற இஞ்சைப் பெருக்கவே பெருக்காதீங்க. அதுக்குப் பெட்டியில அச்சடிச்ச மி.மீ.யைப் பாருங்க, இல்லன்னா பழைய சாமானைக் கழட்டிக் கையில எடுத்துட்டு வாங்க. உங்க கன்வர்ட்டர் கணக்குல தப்பு இல்ல, எதைப் பெருக்கறதுங்கறதுலதான் குழப்பம்.

குழாயிலேர்ந்து ஆரம்பிக்கறேன், ஏன்னா அதுதான் கொடுமை. அரை இஞ்ச் குழாயில எங்க அளந்தாலும் அரை இஞ்ச் வராது. அந்தக் காலத்து இரும்புக் குழாய்ல உள் துவாரத்தை வெச்சுப் பேரு வெச்சாங்க. தடிமன் மேல தடிமன் சேர்ந்து வெளிப்பக்கம் வேற அளவு. அதுக்கு மேல போட்ட மரையைத்தான் இன்னிக்கும் நம்ம குழாய், ஷவர், ஃபில்டர் எல்லாத்துலயும் போடறாங்க. அரை இஞ்ச் மரையோட வெளிவிட்டம் கிட்டத்தட்ட 21 மி.மீ. நீங்க சரியாத்தான் அளந்திருக்கீங்க. உங்க ஃபில்டர் அந்தக் குழாய்ல கண்ணை மூடிக்கிட்டு மாட்டும், டெஃப்லான் டேப் நாலு சுத்து சுத்திக்கோங்க.

இதுல இன்னொரு கண்ணி இருக்கு. சுடுதண்ணிக்குப் போடற வெண்ணெய் நிற சிபிவிசி பைப்புலயும் "அரை இஞ்ச்" உண்டு, பச்சைத் தண்ணிக்குப் போடற வெள்ளை யூபிவிசியிலயும் "அரை இஞ்ச்" உண்டு. முதலாவது வெளிவிட்டம் 15.9 மி.மீ., ரெண்டாவது 21.3. ஒண்ணுக்குள்ள ஒண்ணு போகாது, நடுவுல அதுக்குன்னு ஃபிட்டிங் வேணும். "அரை இஞ்ச் எல்போ குடுங்க"ன்னு வந்து நிக்கறவங்ககிட்ட, எந்தப் பைப்புக்குன்னு கேக்காம எடுத்துக் குடுக்கற கடையில வாங்காதீங்க. கழிவுநீர்ப் பைப்பும் இப்படித்தான். நாலு இஞ்ச்ம்பாங்க, மேல 110 மி.மீ.ன்னு அச்சு இருக்கும். நாலு இஞ்சைப் பெருக்கினா 101.6 தான். அச்சுல இருக்கற 110-ஐச் சொல்லிக் கேளுங்க, தப்பு வராது.

டிவிக்கு வர்றேன். 55 இஞ்ச் நிஜ இஞ்ச்தான், ஆனா மூலைக்கு மூலை குறுக்கா அளந்தது. அகலம் வேணும்னா அதை 0.87-ஆல பெருக்குங்க, இப்ப வர்ற எல்லா டிவியும் 16-க்கு 9 திரைங்கறதால இது ஒத்துப் போகும். 55-க்கு 47.9 இஞ்ச், அதாவது 121.8 செ.மீ. வருது. உங்க 4 அடி 121.9. பாத்தீங்களா, ஷோரூம் பையன் இதைத்தான் மனசுல வெச்சுச் சொல்லியிருப்பான். ஆனா 121.8 வெறும் கண்ணாடித் திரை. சுத்தி ஒரு விளிம்பு இருக்கு, ஒரு செ.மீ. கூடிடும். உள்ள போகவே போகாது. அப்படியே போனாலும் பின்னால கேபிள் சொருகக் கை போகணுமே? 50 இஞ்ச் வாங்குங்க, அகலம் விளிம்போட சேத்து 112 செ.மீ. கிட்ட வரும், ரெண்டு பக்கமும் அஞ்சஞ்சு செ.மீ. காத்தாட இருக்கும். வாங்கறதுக்கு முன்னாடி அந்த மாடலோட விவரத்துல "அகலம்"னு மி.மீ.ல போட்டிருப்பாங்க, அதை மட்டும் நம்புங்க. பெட்டி மேல பெருசா 138, 139 செ.மீ.ன்னு எழுதியிருப்பாங்க, அதை அகலம்னு எடுத்துக்காதீங்க. அதே குறுக்களவுதான், நம்ம சட்டப்படி மெட்ரிக்ல போட்டாகணும்னு போடறது.

மெத்தை லேசு. 200 செ.மீ. = 78.7 இஞ்ச். உங்க கட்டில் 75. மூணே முக்கால் இஞ்ச் எங்க போகும்? மெத்தையை மடிச்சு உக்கார வெக்க முடியாது. 75×60 இஞ்ச் நம்ம ஊர்ல எல்லா மெத்தைக் கம்பெனியும் போடற அளவு, இல்லன்னா 190×150 செ.மீ. பாருங்க. அகலத்துல ரெண்டு பக்கமும் சேத்து ரெண்டரை செ.மீ. மிச்சம் இருக்கும், அது நல்லது, விரிப்பைச் சொருக இடம் வேணும். ஒண்ணு மட்டும், தாத்தா கட்டிலை நாலு மூலையிலயும் நடுவுலயும் தனித்தனியா அளங்க. பழைய தேக்கு ஒரு பக்கம் 60, மறுபக்கம் 59½ இருக்கறது சகஜம். சின்ன அளவைத்தான் கணக்குல எடுக்கணும்.

6.10 சமாச்சாரம். உங்க ஆசாரி போட்டது புள்ளி இல்ல, ஆறடி பத்து இஞ்ச். ஊர்ல எல்லாரும் இப்படித்தான் எழுதறோம், நானும் அப்படித்தான் எழுதுவேன். கன்வர்ட்டருக்கு அது தெரியாது, ஆறு அடியும் ஒரு அடியில பத்துல ஒரு பங்கும்னு எடுத்துக்கிச்சு. ஆறடி பத்து இஞ்ச்ங்கறது 82 இஞ்ச், 208.3 செ.மீ. உங்களுக்கு வந்த 185.9-க்கும் இதுக்கும் இருபத்திரண்டு செ.மீ. வித்தியாசம், அலமாரியில ஒரு தட்டே காணாமப் போயிடும். இனிமே அடியை எங்கயும் எழுதாதீங்க. எல்லாத்தையும் இஞ்சாக்கி, அப்புறம் 25.4-ஆல பெருக்கி மி.மீ. ஆக்கிக்கோங்க. புள்ளியே வராத அளவுதான் நோட்டுல இருக்கணும்.

நூல்னா இஞ்சில எட்டுல ஒண்ணு, மூணு மி.மீ.க்குக் கொஞ்சம் மேல. டேப்புல இஞ்சுக்குள்ள இருக்கற கோட்டை எண்ணுங்க, பதினாறு பாகம் இருந்தா ரெண்டு பாகம் ஒரு நூல். ஆறடி மூணு இஞ்ச் ரெண்டு நூல் = 75¼ இஞ்ச் = 1911 மி.மீ. ரெண்டு நூல் கால் இஞ்ச், நாலு நூல் அரை, ஆறு நூல் முக்கால். ப்ளைவுட்ல "ஆறு நூல் பலகை"ன்னா 19 மி.மீ.யைச் சொல்றாங்க. ஆனா இப்ப கடையில நெறைய 18 வருது. அதோட ரெண்டு பக்கமும் மைக்கா ஒட்டினா ரெண்டு மி.மீ. கூடிடும். ஒரு பலகைக்கு இது ஒண்ணுமே இல்ல. அஞ்சு பலகை நிக்கற அலமாரியில ஒரு செ.மீ. வரைக்கும் தள்ளிடும், கதவு சாத்தாது. எந்தத் தடிமன் வாங்கறீங்கன்னு ஆசாரிகிட்ட முன்னாடியே சொல்லிடுங்க.

டைல்ஸ்தான் பணம் போற இடம், அதைக் கடைசியா வெச்சேன். "ரெண்டுக்கு ரெண்டு" பேருக்கு இஞ்ச் ரகம். ரெண்டடின்னா 609.6 மி.மீ., டைல் 600. டைலுக்குப் பத்து மி.மீ. குறைவு. உங்க ஹால் நீளம் 20 அடி, 6096 மி.மீ. பத்து டைல் போட்டு நடுவுல ரெண்டு ரெண்டு மி.மீ. இடுக்கு விட்டாலும் 6020. ஏழரை செ.மீ. வெறுந்தரை நிக்கும்! அகலம் 15 அடி, 4572. ஏழு டைல் போட்டதுக்கப்புறம் மிச்சம் 36 செ.மீ. கடைக்காரர் "ஏழரை டைல், ஒண்ணைப் பாதியா வெட்டினா ரெண்டு வரிசைக்கு ஆச்சு"ன்னு போட்டிருக்கார். 36 செ.மீ. வெட்டினா மிஞ்சறது 24, அது அடுத்த வரிசைக்கு உதவாது. அதனால வரிசைக்கு எட்டு டைல், பத்து வரிசை, 80 டைல். அந்த 24 செ.மீ. துண்டுகள்லேர்ந்து ஏழரை செ.மீ. பட்டை வெட்டி ஓரத்துல நிரப்பிக்கலாம். அப்பவே 20 பெட்டி காலி, உடைசலுக்கு ஒண்ணு கூட இல்ல.

ஏழரை செ.மீ. பட்டை கண்ணுக்கு அசிங்கம், வெட்டும்போது நொறுங்கவும் நொறுங்கும். நல்ல கொத்தனாரா இருந்தா நடுவுல ஒன்பது முழு டைல் போட்டு ரெண்டு ஓரத்துலயும் 34 செ.மீ. வர்ற மாதிரி பிரிச்சிடுவார். அப்படிப் போட்டா 88 டைல், 22 பெட்டி. மேல ரெண்டு பெட்டி சேத்து வாங்குங்க, பிரிக்காத பெட்டியைத் திருப்பி எடுத்துக்கறாங்களான்னு பில் போடும்போதே கேட்டுக்கோங்க. பெட்டிக்கு 16 சதுர அடின்னு சொல்லுவாங்க. நாலு டைல் 1.44 சதுர மீட்டர், அது 15½ சதுர அடிதான். விலையைச் சதுர அடிக்குப் பேசினா அந்த அரை சதுர அடிக்கும் சேத்துக் காசு குடுக்கறீங்க.

எடை, அளவுக்கான சட்டம் 1956-லயே வந்துடுச்சு, அடுத்த வருஷம் ஏப்ரல்ல நயா பைசா. வீசை, சேர் எல்லாம் போன இடம் தெரியல. கிலோ முழுசா ஜெயிச்சது, மீட்டர் துணிக்கடையில ஜெயிச்சு ஆசாரிகிட்ட தோத்துப் போச்சு. என்னைக் கேட்டா, ப்ளைவுட் இன்னும் எட்டுக்கு நாலாவே வர்றதுதான் காரணம். பலகையில 2440×1220-னு அச்சடிச்சிருந்தாலும் யாரும் அப்படிக் கேட்டு வாங்கி நான் பாத்ததில்ல.


உறையூர்_தையல்கடை:

அண்ணன் எல்லாம் சொல்லிட்டார், திரையை மட்டும் விட்டுட்டார். நான் சொல்றேன்.

கதவு எவ்வளவும்மா? ஏழடின்னு வெச்சுக்கறேன், அகலம் நாலடி. ரெடிமேட்ல "7 அடி, 213 செ.மீ."ன்னு பாத்து வாங்கிடாதீங்க. கம்பி கதவுச் சட்டத்துக்கு மேல நாலு இஞ்ச் தள்ளித்தான் அடிப்பாங்க. வளையத்துக்கு மேல துணி ஒண்ணரை இஞ்ச் நிக்கும். கீழ தரையைக் கூட்டாம அரை இஞ்ச் விட்டாலும் திரை 89 இஞ்ச் வேணும். ஏழடித் திரை தொங்கினா கீழ அஞ்சு இஞ்ச் தூக்கிக்கிட்டு நிக்கும், பாவாடை கட்டையாப் போன புள்ள மாதிரி. துணி எடுத்துத் தைங்க. மேல நாலு, கீழ நாலு மடிப்புக்கு. மொத்தம் 97 இஞ்ச், ரெண்டரை மீட்டர். 48 இஞ்ச் அகலத் துணின்னா நாலடிக் கதவுக்கு ரெண்டு பாகம் போட்டாத்தான் கொசுவம் நல்லா விழும், ஆக அஞ்சு மீட்டர். காட்டன்னா ஒருதரம் நனைச்சுக் காயப்போட்டுட்டுக் குடுங்க.

அப்பாகிட்ட ஒரு பாகத்துக்கு அஞ்சரை முழம்னு சொல்லிடுங்க, முழத்துக்கு 18 இஞ்ச் கணக்கு.

உங்க தையல் டேப்பைக் கொஞ்சம் பாருங்க. ஒரு பக்கம் 60 இஞ்ச், மறுபக்கம் 150 செ.மீ. ரெண்டும் ஒரே நுனியில முடிஞ்சா அது பொய் டேப்பு. 150-க்கு நேரா 59 நிக்கணும்.


ஸ்கார்பரோ_குளிர்:

நான் கனடாவில இருக்கிறன். இங்கயும் இதே கூத்துத்தான். தூரம் கிலோமீட்டர், ஆனால் மரக்கடைக்குப் போனால் "டூ பை ஃபோர்". வீட்டில கொண்டுவந்து அளந்தால் ஒன்றரைக்கு மூன்றரை இஞ்ச், 38×89 மி.மீ. மரத்தை இழைச்சு முடிச்ச பிறகு உள்ள அளவு அது, பெயர் மட்டும் இழைக்க முதல் இருந்த அளவில நிக்குது. அண்ணை சொன்ன "பேருக்கு இஞ்ச்" இங்கயும் இருக்கு.


ஸ்ரீரங்கம்_மூணாவதுமாடி:

ஐயா, அக்கா, ரொம்ப நன்றி. டைல்ஸ் கடைக்கு இந்தக் கணக்கை எழுதி எடுத்துட்டுப் போகப் போறேன். கதவு ஏழடிதான் அக்கா, கரெக்டாச் சொன்னீங்க.

இன்னும் ரெண்டு. டேப்போட நுனியில இருக்கற கொக்கி ஆடுது, அதனால அளவு தப்பா வருமா? வேற வாங்கணுமா? அப்புறம் சமையலறையில ரெண்டு மேல் அலமாரிக்கு நடுவுல சிம்னி. சிம்னி 60 செ.மீ. ஆசாரி "ரெண்டடி விட்டுடறேன்"ங்கறார். ரெண்டடி 61 செ.மீ. ஆகுதே, போதும்தானே?


பழைய_ஹார்டுவேர்_கடைக்காரன்:

கொக்கி ஆடணும்மா, அதுக்குத்தான் ஓட்டையைப் பெருசா விட்டு ஆணி அடிச்சிருக்கான். பலகை ஓரத்துல மாட்டி இழுத்தா கொக்கி வெளிய வரும், சுவத்துல முட்டினா உள்ள போகும். கொக்கித் தகட்டோட தடிமன் எவ்வளவோ அவ்வளவுதான் ஆடும், ரெண்டு விதமா அளந்தாலும் கணக்கு சரியா வரட்டும்னு. தட்டிச் சரி பண்றேன்னு யாராவது கிளம்பினா விடாதீங்க. சுவத்துக்கும் சுவத்துக்கும் நடுவுல அளக்கும்போது டேப்பை மடக்கிப் படிக்காம, டப்பாவையே சுவத்துல முட்ட வெச்சுக் கோட்டைப் பாத்து, டப்பாவோட நீளத்தைக் கூட்டிக்கோங்க. டப்பா அடியில அந்த நீளம் எழுதியிருக்கும்.

சிம்னிக்கு ஆசாரிகிட்ட ஒரே ஒரு கேள்வி கேளுங்க: ரெண்டடிங்கறது உள்ளளவா, பலகையையும் சேத்தா? அவர் பலகை நடுவுலேர்ந்து நடுவுக்கு ரெண்டடி வெச்சார்னா, 18 மி.மீ. பலகை ரெண்டு பக்கமும் பாதிப் பாதி தின்னுடும், 591 மி.மீ. தான் மிஞ்சும், சிம்னி வெளியதான் நிக்கும். மைக்கா ஒட்டி முடிச்சப்புறம் உள்ள 620 மி.மீ. சுத்தமா இருக்கணும்னு சீட்டுல எழுதி அவர்கிட்டயே குடுத்துடுங்க. மி.மீ.ல எழுதினா "இதென்ன"ம்பார். 24 இஞ்ச் மூணு நூல்னு பக்கத்துலயே எழுதிடுங்க, 619 வரும், ஒரு மி.மீ.க்கு யாரும் சண்டைக்கு வர மாட்டாங்க.